நன்றி நோட்டும் சபர் பெட்டியும்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது. கோபம் வந்தால் என் வாயைவிடப் பாத்திரம்தான் அதிகம் பேசும். கொல்லைப்புறத்தில் நான் சட்டி கழுவுகிற சத்தத்தை வைத்தே எங்கள் தெருவில் அன்றைக்கு என் மனசு எப்படி என்று சொல்லிவிடுவார்கள். திருவாரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்து ஊர். நாலு பக்கமும் வயல், நடுவில் பள்ளிவாசல், அதைச் சுற்றி எங்கள் இரண்டு தெரு. இவ்வளவு சின்ன இடத்தில் எதை ஒளிப்பது?

போன ஆனி மாதம் எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் அடிக்கும், படுத்தால் இன்னும் அடிக்கும். சென்னையில் இருக்கும் என் மகள் போனிலேயே பயந்து, தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். அந்த டாக்டருக்கும் என் மகள் வயதுதான் இருக்கும். இ.சி.ஜி. எடுத்தார், ரத்தம் எடுத்தார், எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

"ஹார்ட்ல ஒண்ணும் இல்லம்மா. மனசுலதான் பாரம். வீட்ல ஏதாவது மாற்றமா?"

கதவுக்கு வெளியே பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என் பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிய ஃபைல் அவர் மடியில் இருந்தது. நான் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினேன்.

"அவங்க குவைத்திலேர்ந்து வந்துட்டாங்க டாக்டர்."

"சந்தோஷம்தானே! எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்ல. ஒரேயடியா வந்துட்டாங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

இருபத்தேழு வருஷம். கல்யாணமாகி நாலாம் மாதம் அவர் போனார். எங்கள் ஊரில் இப்படிப் போவதைச் சபர் என்போம். சபருக்குப் போனவர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அந்த நாற்பது நாளும் வீட்டில் விருந்தாளி வந்தமாதிரிதான். தினம் கறி, தினம் சொந்தக்காரர் வீடு, சண்டை போடக்கூட நேரம் இருக்காது. மற்ற நாளெல்லாம் போன். போனில் என் மச்சானைப்போல ஒரு மனிதர் கிடையாது. எங்கள் பக்கத்தில் கணவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். "சாப்டியா புள்ள, தூங்கினியா புள்ள" என்று கேட்பார். நான் கத்தினால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பார். கத்தி முடித்ததும், "சரி, தண்ணி குடி," என்பார்.

ஆனால் இந்த வீட்டைக் கட்டியது நான். மகளைப் படிக்கவைத்தது நான். ஆறு மா நிலத்துக்கு, இரண்டு ஏக்கர் வரும், ஆள் பிடித்து, விதை வாங்கி, வரப்பில் நின்று நடவு பார்த்தது நான். ஒரு வீட்டுக்கு ஒரு ராணி என்று இருந்தவள். அங்கே வந்து சேர்ந்தார் இவர், ஒரு பெரிய குடோனில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர்.

வந்த மூன்றாம் நாள் என் சமையல்கட்டில் ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தார். மிளகாய்த்தூள், மல்லித்தூள், துவரம்பருப்பு என்று ஒவ்வொரு டப்பாவிலும் மார்க்கரில் எழுதி ஒட்டினார். நானே வாங்கி, நானே கொட்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற டப்பாக்கள்! போதாததற்குச் சோம்பு டப்பாவில் 'சீரகம்' என்று எழுதி வைத்துவிட்டார். அரிசி டின்னை வாசலுக்கு எதிரே இருந்து மூலைக்கு மாற்றினார், "ஈரம் படும்" என்று. ஃபேனை நிறுத்துவார், லைட்டை நிறுத்துவார், கேஸை நான் நிறுத்தியிருந்தாலும் இன்னொருமுறை போய்ப் பார்ப்பார். வயலுக்குக் கூடவே வந்து, வரப்பு வெட்ட வந்த ஆட்கள் முன்னால், "ஏன் இங்கேர்ந்து ஆரம்பிக்கிறீங்க, அங்கேர்ந்து ஆரம்பிக்கலாமே," என்றார் பாருங்கள், அன்றைக்குத்தான் முதல்முதலாக எனக்கு நெஞ்சு அடித்தது.

டாக்டரிடம் இதையெல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். மாத்திரை ஒன்றை எழுதிவிட்டுச் சொன்னார்:

"தினம் சாயங்காலம் ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து, இன்னைக்கு எதுக்கெல்லாம் நன்றி சொல்லலாம்னு மூணு விஷயம் எழுதுங்கம்மா. மனசு லேசாகும்."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லாம ஒரு வாய் தண்ணி குடிக்கிறதில்ல டாக்டர். தும்மினாக்கூட அல்ஹம்துலில்லாஹ்தான்."

"ரொம்ப நல்லது. எதுக்குன்னு மட்டும் எழுதுங்க. அன்னைக்கு நடந்ததா இருக்கணும், சின்னதா இருக்கணும்."

பஸ்ஸில் வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். மருந்துக்குப் போனால் கட்டுரை எழுதச் சொல்கிறாளே இந்தப் பொண்ணு! அவர் பக்கத்து சீட்டில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஆனாலும் எழுதினேன். பயம்தான் காரணம், வேறென்ன. மகள் பள்ளியில் பாதி எழுதி விட்டுவைத்த ரஃப் நோட்டு ஒன்று இருந்தது. அதை ஃபிரிட்ஜின் மேல் வைத்துக்கொண்டேன். அஸர் தொழுது முடித்து டீ போட்டதும், நின்றுகொண்டே எழுதுவேன். முதல் நாள் இப்படி எழுதியிருந்தேன்: கரண்ட் போகவில்லை. பால் திரியவில்லை. மூன்றாவது ஒன்றுமில்லை.

அடுத்த வாரம் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் மேலேயெல்லாம் பாய்ந்து முடித்துவிட்டுக் கடைமடையில் இருக்கும் எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும். வாய்க்கால் ஓரத்தில் பத்துப் பேர் நின்றிருந்தோம். தண்ணீருக்கு முன்னால் நுரையும் சருகும் யாரோ போட்ட செருப்பும் ஓடிவந்தன. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு பெரியவர் குனிந்து அந்தக் கலங்கல் தண்ணீரை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால் டீ ஆறிப் போயிருந்தது, எனக்குக் கோபமே வரவில்லை.

அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது. காலையிலிருந்தே கண் தேட ஆரம்பித்தது, சாயங்காலம் எழுதுவதற்கு என்ன கிடைக்கும் என்று. நடவுக்கு வந்த அக்கா தூக்குவாளியிலிருந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் ஒரு கை எனக்கும் உருட்டிக் கொடுத்தாள், எழுதினேன். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் விறகுக்கட்டையின் பின்னால் மூன்று குட்டி போட்டது, எழுதினேன். மகள் சண்டை போடாமல் போனை வைத்தாள், அதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஆவணியில் டாக்டரிடம் மறுபடி போனபோது மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். படுத்தால் தூக்கம் வந்தது. அந்தப் பொண்ணைப் பஸ்ஸில் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் அந்த நோட்டில் நான் நல்லதாக எதுவும் எழுதவில்லை. என் மச்சானைப் பற்றி.

எழுத ஒன்றுமில்லாமல் இல்லை. காலையில் எனக்கு முன்னால் எழுந்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். இந்தத் தெருவில் எந்த ஆம்பிளை செய்கிறான் அதை? நான் பயந்தேன், அவ்வளவுதான். அவர் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம், ஒரு கல்யாண வீட்டில் பெண்களெல்லாம் உட்கார்ந்து புருஷன்மார் குறையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சின்னவள், துடுக்கு. "எங்க மச்சான் தலவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல, ஒரு நாள் என்னை ஏசினதில்ல," என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் போன் வந்தது. குடோனில் ஏணியிலிருந்து விழுந்து இடது முட்டி உடைந்துவிட்டது என்று. கடல் தாண்டிக் கிடக்கிறார், நான் இங்கே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிடக்கிறேன். நாவூறு பட்டுவிட்டது, என் நாக்கே பட்டுவிட்டது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் என் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. குறை சொல்வேன், ஊர் கேட்கச் சொல்வேன். குறை சொல்லிக்கொண்டே இருந்தால் அவர் பத்திரமாக இருப்பார் என்பது என் கணக்கு. வாயால் சொல்லாததைக் கையால் மட்டும் எழுதுவேனா?

புரட்டாசிக் கடைசியில் நான் வயலுக்குப் போயிருந்த ஒரு நாள், அவர் ஃபிரிட்ஜின் மேல் தூசி துடைத்திருக்கிறார். நோட்டு கையில் கிடைத்திருக்கிறது. ஸ்டோர்கீப்பர் அல்லவா, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை உட்கார்ந்து படித்திருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது, ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சத்தம் குறைந்துவிட்டது என்பதுதான். ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினார். வயலுக்கு வருவதை நிறுத்தினார். ஃபேன் ஓடினால் ஓடட்டும் என்று விட்டார். பைத்தியக்காரி நான், அதையும் நன்றியில் எழுதினேன்: இன்று யாரும் என் டப்பாக்களைத் தொடவில்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பழைய கம்பெனில மறுபடி கூப்பிடறாங்க. ரெண்டு வருஷம். போலாம்னு இருக்கேன்."

ஐம்பத்தாறு வயது, மாடிப்படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதர், மறுபடியும் குவைத்தா? "ஏன்?" என்று கேட்டிருக்க வேண்டும். "போகாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை. சபர் கிளம்புகிறவரைத் தடுக்கக் கூடாது, அவர் முன்னால் கண் கலங்கக் கூடாது, வேன் தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகமாக நிற்க வேண்டும். திரும்பிய பிறகு உள்ளே போய் எவ்வளவு வேண்டுமானாலும் அழுதுகொள்ளலாம். பதிமூன்று தடவை நான் அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பழக்கம் என் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

"என்னைக்கு?" என்றேன்.

"இருபது நாள் இருக்கு."

"அப்ப மாவு வறுக்கணும்," என்று எழுந்து போய்விட்டேன்.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன், அதனால்தான் பார்க்கவில்லை. என்னோடு இருக்கப் பிடிக்காமல்தானே போகிறார் என்று உள்ளே குமுறிக்கொண்டிருந்தது. நானும் லேசுப்பட்டவளா, எட்டு மாதமாக ஏசிக்கொண்டேதானே இருந்திருக்கிறேன்.

சபர் பெட்டி கட்டுவது எங்கள் பெண்களுக்கு ஒரு தனி வேலை. முப்பது கிலோவுக்குள் ஒரு வீட்டை அடக்க வேண்டும். இந்தக் குறுவையில் எங்கள் வயலில் விளைந்த நெல்லைப் பச்சரிசியாக்கி, ஊறப்போட்டு, மில்லில் அரைத்து, இடியாப்ப மாவுக்கு வறுத்தேன். அடைமழை, வெயிலில் காயவைக்க வழியில்லை, எல்லாம் வாணலியில்தான். நார்த்தங்காய் போட்டேன். ரவையில் தம்ரூட் இனிப்பு செய்தேன். கருவாட்டை ஏர்போர்ட்டில் யாரும் மூக்கைப் பிடிக்காதபடி மூன்று கவரில் சுற்றினேன். கடையில் போய் நல்ல கெட்டி அட்டைப்பெட்டியும் நைலான் கயிறும் வாங்கி வந்தேன். எதற்கும் நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும் என்று ஓடிக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை அவர் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று நான் கரண்டியைப் போட்டுக் கிளறுவதைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போனார்.

அவர் போகிறேன் என்று சொன்ன அன்றோடு நோட்டில் நான் எழுதுவது நின்றுபோனது. நெஞ்சு மறுபடி அடிக்க ஆரம்பித்தது. முழு மாத்திரைக்குத் திரும்பினேன். மகளிடம் சொல்லவில்லை.

பயணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. மதியம் லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டுக் கூடத்தில் பெட்டியை வைத்துக் கட்ட ஆரம்பித்தோம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் நாலு பக்கமும் அவர் பெயரையும் குவைத்தையும் மார்க்கரில் எழுதி முடித்திருந்தார்.

"உள்ள என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் இருக்கா?" என்றார். ஸ்டோர் புத்தி.

"நேத்தே எழுதிட்டேன். ஃபிரிட்ஜ் மேல இருக்கு பாருங்க," என்றேன். கையில் கிடைத்த காகிதம் அந்த நோட்டுதான். அதன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

எடுத்துவந்து நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். நான் கயிற்றைப் பெட்டிக்கு அடியில் விட்டு இழுத்துக்கொண்டிருந்தேன். ஒரு லிஸ்ட்டைப் படிக்க இவ்வளவு நேரமா என்று நிமிர்ந்து பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இதை யோசிச்சு எழுதினியா புள்ள?"

"இதுக்கு என்னா யோசனை? அடுப்புல மாவு இருக்கறப்ப கிறுக்கினது."

அவர் சத்தமாகப் படித்தார். "கைலி அஞ்சு, பழசு. புதுசு வேணாம், இடுப்புல கஞ்சி உறுத்தும். நார்த்தங்கா. எலுமிச்சை வேணாம், நெஞ்செரியும். முட்டித் தைலம் ரெண்டு, இடது முட்டிக்கு. சின்னத் தலகாணி, பெருசு வச்சா கழுத்து பிடிக்கும். கண்ணாடி ஒண்ணு கூடுதல், தொலைப்பாங்க. பல்லுக்குக் கிராம்பு, கேக்க மாட்டாங்க, நாமளே வச்சிடணும்."

நிறுத்தினார். பிறகு பக்கங்களைப் பின்பக்கமாகப் புரட்டினார்.

"இந்த நோட்டை நான் முழுசாப் படிச்சேன். போன மாசமே."

கயிறு என் கையிலேயே நின்றுவிட்டது.

"மூணு மாசத்துக்கு மேல எழுதியிருக்க. வாய்க்கா தண்ணி இருக்கு. நடவு ஆளு இருக்கு. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது இருக்கு. நான் ஒரு எடத்துலதான் இருக்கேன். 'இன்று அவர் கும்பகோணம் போயிருந்தார். வீடு அமைதியாக இருந்தது.' அவ்வளவுதான்." கடைசிப் பக்கத்துக்குத் திரும்ப வந்தார். விரலை வைத்து எண்ணியிருப்பார் போல. "இங்க இருபத்து மூணு வரி இருக்கேன். வீட்ல இருந்தா ஒரு வரி, கிளம்பினா இருபத்து மூணா?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான், என் குணம் அப்படி. "அடுத்தவங்க நோட்டை எதுக்குப் படிச்சீங்க?" என்று கத்தினேன்.

"தப்புத்தான்," என்றார். அந்தத் 'தப்புத்தான்' என்னை உடைத்துவிட்டது.

கும்பகோணம் எதற்குப் போனார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. என் மிக்ஸி ஜாரில் தண்ணீர் ஒழுகியது. அந்தப் பழைய மாடலுக்கு வாஷர் திருவாரூரில் எங்கும் கிடைக்கவில்லை. "புதுசு வாங்கிக்கலாம்" என்று அவர் சொன்னதற்கு, "இதுதான் என் கைக்குப் பழகினது," என்று நான் எரிந்து விழுந்தேன். மறுநாள் சொல்லாமல் கிளம்பிப்போய், நாலு கடை ஏறி இறங்கி, அந்த ஒரு ரப்பர் வளையத்தோடு நனைந்து வந்து சேர்ந்தார். அன்றைக்கு நான் எழுதியதுதான் அந்த வரி. அதே ஜாரில்தான் இத்தனை நாளும் சட்னி அரைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையோடு சேர்ந்து எல்லாம் வந்தது. கல்யாண வீட்டில் நான் பீற்றிக்கொண்டது, பத்தாம் நாள் போன் வந்தது, அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டது, எழுதினால்கூட நாவூறு பட்டுவிடும் என்று பேனா ஓடாதது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அட பைத்தியமே! அந்த ஏணிக்கு ஒரு கால் ஆட்டம். ஆட்டம்னு தெரிஞ்சே நான்தான் ஏறினேன். இதுக்காகவா இத்தனை வருஷம் என்னை ஊரு கேக்க ஏசின?"

"நல்லா இருந்தீங்கல்ல?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. "போறேன்னு சொன்னதும் நீ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கல புள்ள. மாவு வறுக்கணும்னு எந்திரிச்சுப் போயிட்ட. அந்த வேகத்தைப் பாத்து, இவன் எப்பத் தொலைவான்னு இருக்கா போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான் அழுவாம இருக்கறதுக்கு வறுத்தேன்," என்றேன். "சபர் போறவங்களத் தடுக்கக் கூடாதுன்னு பதிமூணு தடவையும் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். இந்தத் தடவை முடியல. நீங்க இருக்கறது எனக்கு வேணும். ஸ்டிக்கர் ஒட்டுங்க, ஃபேனை நிறுத்துங்க, என்னா வேணாலும் பண்ணுங்க. போகாதீங்க மச்சான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே நம்ப முடியவில்லை. தலையில் எதுவும் இடிந்து விழவில்லை, மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். மார்க்கரை எடுத்தார். பெட்டியின் மேல் எழுதியிருந்த குவைத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். அதன் கீழே, அதே கட்டம் கட்டிய எழுத்தில், 'சமையல்கட்டு, மேல் அலமாரி' என்று எழுதினார். நாலு பக்கமும் எழுதினார். இந்த மனிதருக்கு ஒரு வேலையைப் பாதியில் விடத் தெரியாது. அதற்குப் பிறகுதான் போனை எடுத்து, முட்டி சரியில்லை, வரமுடியவில்லை என்று அங்கே சொன்னார். நான் அந்தக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழி முடியும்வரை எங்கள் வீட்டில் இடியாப்பம்தான். இரண்டு வருஷத்துக்கு வறுத்த மாவு அல்லவா? சண்டையும் நிற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் திரும்ப வந்தது, பாத்திரமும் பேசத்தான் செய்கிறது. மாத்திரையை மட்டும் டாக்டர் அடியோடு நிறுத்திவிட்டார்.

பெட்டியைப் பிரித்த மறுநாள் அஸருக்குப் பிறகு டீ போட்டு அவருக்கும் கொடுத்துவிட்டு நோட்டை எடுத்தேன். இந்தத் தடவை நிற்கவில்லை, அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். பயம்தான், பொய் சொல்வானேன். எழுதி முடித்ததும், படுவது படட்டும் என்று வாய்விட்டே படிக்க ஆரம்பித்தேன். "இன்று என் மச்சான் எனக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்தார். மழை பெய்துகொண்டிருக்கும்போதே தெளித்தார். ஏன் என்று கேட்டதற்கு..."

"இரு இரு," என்று கையைக் காட்டி நிறுத்தினார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போனார். இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான்?"

"சத்தமாப் படிக்கிறியே, யாரு காதுலயாவது விழுந்து நாவூறு பட்டுடப் போவுது."

ஜன்னலைச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ம், இப்பப் படி," என்றார்.